வாசிப்பையும் நினைவையும் ஆராயும் உளவியலாளர்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது ஒரு தொழிலாகுமா?

கோண்டாவிலான்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகள் கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். தான் அறிகை உளவியல் படிக்கப்போவதாகவும், அதிலும் மனிதர் எப்படி வாசிக்கிறார்கள், வாசித்ததை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையே ஆராயப்போவதாகவும் உறுதியாகச் சொல்கிறாள். எங்கள் வீட்டில் உளவியல் என்றால் ஆற்றுப்படுத்தல் என்று மட்டுமே விளங்கிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சியாளர் காலையில் வேலைக்குப் போய் என்னதான் செய்வார், முப்பது நாற்பது ஆண்டுகளில் அவருடைய தொழில் வாழ்க்கை என்ன வடிவம் எடுக்கும் என்று அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. துறையை உள்ளிருந்து பார்த்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். வங்கிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் ஆலோசனைகள் எங்களுக்கு ஏற்கெனவே தாராளமாகக் கிடைத்துவிட்டன.

வாசிகசாலை:

நான் சில காலம் வெளிநாட்டில் வாசிப்பு ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தவன். பொதுவாக விளக்குவதைவிட ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக் காட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். கீத் றேனர் என்ற அமெரிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் மக்கொங்கியிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தார், பின்னர் ரொச்செஸ்டரில் கற்பித்தார், 1978 முதல் மூன்று தசாப்தங்கள் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார், 2008 இல் சான் டியேகோவுக்கு மாறினார், 2015 இல் காலமானார். வெளியிலிருந்து பார்த்தால் இது சாதாரணமான பேராசிரியர் வரலாறு. ஆனால் இவ்வளவு காலமும் அவர் சுற்றிச் சுற்றி வந்தது ஒரே கேள்வியைத்தான்: வாசிக்கும்போது கண் எங்கே நிற்கிறது, நின்ற இடத்தில் எதை எடுத்துக்கொள்கிறது?

கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் அது நின்று நின்று தாவுகிறது. ஆங்கிலத்தைச் சரளமாக வாசிப்பவரின் கண் ஓரிடத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிசெக்கன் தரிக்கிறது; பிறகு ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைத் தாண்டுகிறது; தாவல்களில் 10 முதல் 15 வீதமானவை பின்னோக்கிச் செல்பவை. தாவும் கணத்தில் புதிதாக எதுவும் உள்வாங்கப்படுவதில்லை. அப்படியானால் ஒரு தரிப்பில் எத்தனை எழுத்துகள் பயன்படுகின்றன?

இதை அளக்க மக்கொங்கியும் றேனரும் 1975 இல் வெளியிட்ட முறை மிகவும் எளிமையானது, அதே நேரம் கெட்டித்தனமானது. வாசகர் கணினித் திரையில் ஒரு பத்தியை வாசிக்கிறார். ஒரு கருவி அவருடைய கண்ணைக் கணத்துக்குக் கணம் பின்தொடர்கிறது. கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள் மட்டும் சரியாகத் தெரியும். அதற்கு வெளியே இருப்பவை எல்லாம் எக்ஸ் எழுத்தாக மாற்றப்பட்டிருக்கும். கண் நகர்ந்தால் அந்தச் சாளரமும் கூடவே நகரும். சாளரம் சிறிதாக இருந்தால் வாசிப்பு மெதுவாகிறது. அதைப் படிப்படியாக அகலமாக்கிக்கொண்டே போனால், அதற்குமேல் அகலமாக்கியும் வேகம் கூடாத ஓர் எல்லை வருகிறது. அந்த எல்லைதான் கண்ணின் உண்மையான பிடிப்பரப்பு. ஆங்கிலத்தில் அது கண் நிற்கும் புள்ளிக்கு இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளும், வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்துகளும் ஆகும். வலமிருந்து இடமாக எழுதப்படும் எபிரேயத்தில் 1981 இல் அளந்தபோது இந்தச் சாய்வு இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஆகவே சாய்வு கண்ணின் அமைப்பால் வருவதன்று; வாசித்துப் பழகிய திசையே அதைத் தீர்மானிக்கிறது.

நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்களை வாசிக்கப் பழக்குவதாகச் சுவரொட்டி ஒட்டும் வகுப்புகளை நம்புவதற்கு முன் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். றேனரும் சகாக்களும் எழுதி அவர் மறைந்த பின் 2016 இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, வேகத்தைப் பெரிதாகக் கூட்டினால் விளக்கம் குறையும் என்பதையே காட்டுகிறது.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். காலையில் செய்யும் வேலை பெரும்பாலும் வாக்கியம் எழுதுவதுதான். ஒரே ஒரு சொல்லில் மட்டும் வேறுபட்டு, அந்த இரண்டு சொற்களும் நீளத்திலும் புழக்கத்திலும் ஒத்திருக்கும் வாக்கியச் சோடிகளை நூற்றுக்கணக்கில் உருவாக்குவதற்கே வாரக்கணக்கில் செல்லும். பிறகு பங்கேற்பாளர்களை ஒவ்வொருவராக இருத்திக் கருவியைச் சரிசெய்தல், தரவைத் துப்புரவாக்குதல், புள்ளிவிபரம், கட்டுரை, நிராகரிப்பு, மறுபடி கட்டுரை. இவற்றுக்கிடையே விரிவுரை. இதில் சலிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தரம் இரண்டு ரீச்சர்:

நான் வலிகாமத்தில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். மேலே எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்கு உடனே என் வகுப்புப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ஒரு பையன் ‘கொடி’ என்ற சொல்லின் கீழ் விரலை வைத்து, முதலில் ‘கெ’ என்று சொல்லுகிறான். விரல் அரவை அடைந்ததும் நிறுத்தி, ‘கொ’ என்று திருத்தி, அதன் பிறகு ‘டி’யைச் சேர்க்கிறான். கொம்பு ககரத்துக்கு முன்னாலும் அரவு பின்னாலும் நிற்பதால், இரண்டையும் பார்த்து முடிக்கும்வரை அவனால் அந்த எழுத்தைத் தீர்மானிக்க முடியவில்லை. நான்கைந்து மாதங்களில் பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கடந்துவிடுகிறார்கள். சிலர் அடுத்த வகுப்புக்கும் கொண்டுபோகிறார்கள்.

இன்னொரு பிள்ளை இதற்கு நேர்மாறானவள். ஒரு பக்கத்தைத் தேவாரம் ஓதுவதுபோல் தங்குதடையின்றி வாசித்து முடிப்பாள். கதையில் கிணற்றடிக்குப் போனது யார் என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். அவளுடைய வீட்டில் ‘போட்டு வாறன்’ என்று சொல்வார்கள். புத்தகத்தில் ‘சென்று வருகிறேன்’ என்று இருக்கிறது. இது எழுத்துக் கோளாறா, மொழிக் கோளாறா, நினைவுக் கோளாறா? பெற்றோர் கேட்கும்போது ‘கவனக்குறைவு’ என்று சொல்லி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். அந்தப் பதிலில் எனக்குத் திருப்தியில்லை.

வாசிகசாலை:

ரீச்சர், நீங்கள் விவரித்த இரண்டு பிள்ளைகளும் இந்தத் துறையின் இரண்டு பெரிய கேள்விகளை உங்கள் வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

பிலிப் கஃப், வில்லியம் ரன்மர் ஆகிய இருவரும் 1986 இல் முன்வைத்த கருத்தின்படி, வாசித்து விளங்கும் திறன் என்பது எழுத்திலிருந்து சொல்லை எடுக்கும் திறனையும், மொழியைக் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். ஆகவே உங்கள் இரண்டாவது பிள்ளைக்கு அதே தரத்திலான வேறொரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டால் விளங்குகிறது, வாசித்தால் விளங்கவில்லை என்றால், சரளமாகத் தெரியும் அவளுடைய வாசிப்பே இன்னும் மனத்தின் உழைப்பு முழுவதையும் விழுங்கிக்கொண்டிருக்கலாம். கேட்டும் விளங்கவில்லை என்றால் எழுத்தைக் குறைசொல்ல முடியாது. நம்மிடம் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பேச்சுத் தமிழில் எதையும் விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு நூல்நடை காதில் விழுந்த பழக்கமே இல்லாதிருக்கலாம். ஆகவே அந்தக் கதையை ஒருமுறை நூல்நடையிலும், வேறொரு கதையை நம்மூர்ப் பேச்சிலும் சொல்லிப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது பையனைப் பொறுத்தவரை, கன்னடப் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007 இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக அண்மையானது. உயிர்க்குறிகள் மெய்யெழுத்தைச் சுற்றி ஒட்டும் இத்தகைய எழுத்துமுறைகளில், எழுத்துகளைக் கற்று முடிப்பதற்கே ஆங்கில அரிச்சுவடியைவிட நீண்ட காலம் பிடிக்கிறது. தமிழில் 247 எழுத்துகள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம்; அவற்றுள் 216 உயிர்மெய் என்பதைப் பிள்ளையின் பக்கம் நின்று பார்ப்பவர் குறைவு.

நினைவுக்கும் வாசிப்புக்கும் உள்ள உறவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டொனா ரெக்ற், லோரன் லெஸ்லி ஆகியோர் 1988 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேர் பேஸ்போல் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியை வாசித்தார்கள். பின்னர் மைதானத்தின் சிறிய மாதிரி ஒன்றில் மரப் பொம்மைகளை நகர்த்தி, வாசித்ததை நடித்துக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டத்தை அறியாத பிள்ளைகளைவிடத் தெளிவாக நடித்துக் காட்டிவிட்டார்கள். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆடும் ‘வடக்கின் பெரும் போர்’ என்ற கிரிக்கெட் போட்டி பற்றிய செய்தியை, மைதானத்தின் வேலியோரத்தில் நின்று வளர்ந்த பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வோல்ரர் கின்ற்ஷ் என்பவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார்: வாசகர் மனத்தில் சொற்கள் மட்டும் எஞ்சுவதில்லை, அவை விவரிக்கும் நிலைமையின் ஓர் உருவமும் கட்டப்படுகிறது, அதைக் கட்டுவதற்கு ஏற்கெனவே உள்ள அறிவு வேண்டும்.

நல்லூர்க் கணக்கன்:

எல்லாம் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுப் போரின் பின் இங்கே மனநல உதவி தேவைப்படுவோர் எத்தனை பேர்? பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் அந்த வெற்றிடத்தில் நின்று உழைத்தார்கள். உளவியல் படிக்க ஆர்வமுள்ள ஒரு பிள்ளை மில்லிசெக்கன்களை எண்ணுவதற்குப் போவது வசதியுள்ள நாடுகளுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்துமா?

ஆற்றுப்படுத்துநர்:

அண்ணை, நான் அந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன். அதனாலேயே உங்கள் பிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களிடம் வரும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் சொல்லும் முறைப்பாடு பயம், கனவு என்று இருப்பது குறைவு; ‘படித்தது மண்டையில் நிற்குதில்லை’ என்பதே பெரும்பாலும் முதல் வாக்கியம். ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் எல்பேட் முதலானோர் வடக்கு கிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், நேர்காணல்களை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். கொடிய அனுபவங்கள் தம் நாளாந்த வாழ்க்கையைக் குழப்புவதாகப் பிள்ளைகள் சொன்னதை, நினைவுச் சோதனைகளும் பாடசாலைப் புள்ளிகளும் உறுதிப்படுத்தின. அந்த நினைவுச் சோதனை என்ற கருவியை யாரோ ஒருவர் ஆய்வுகூடத்தில் இருந்து பொறுமையாக உருவாக்கியிருக்காவிட்டால் எங்கள் கையில் என்ன இருந்திருக்கும்?

அலன் பாட்லியின் தொழில் வாழ்க்கையையும் பாருங்கள். அவர் 1974 முதல் 1995 வரை கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பிரயோக உளவியல் பிரிவுக்குப் பணிப்பாளராக இருந்தார். பிரித்தானிய அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பழக்குவது எப்படி என்பது அவருக்கு வந்த கேள்விகளில் ஒன்று. நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணித்தியாலம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று 1978 இல் வெளியிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மணித்தியாலக் குழுவினரே பயிற்சியில் அதிருப்தி அடைந்தார்கள். தாங்கள் பின்தங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. நம்மூரில் சனி ஞாயிறு முழுவதும் ரியூசன் வைக்கும்படி வற்புறுத்தும் பெற்றோருக்கு இதை யார் விளங்கப்படுத்துவது? அதே பாட்லிதான் 1974 இல் கிரகம் ஹிச்சுடன் சேர்ந்து செயல்படு நினைவு என்ற கொள்கையை முன்வைத்தவர். நீண்ட வாக்கியமொன்றின் எழுவாயைப் பயனிலை வரும்வரை தாங்கிக்கொண்டிருப்பது அந்த நினைவின் வேலைதான். வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் நம் மொழியில் அதற்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

புலோலியூரான்:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். எங்கள் காலத்தில் பாடமாக்குவதே கல்வியாக இருந்தது. நிகண்டு, நன்னூல் சூத்திரம், திருக்குறள் எல்லாம் புத்தகத்தை மூடிவிட்டு ஆசிரியர் முன் நின்று ஒப்புவிக்க வேண்டும். எங்கள் மேலைப்புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் ஒரே நேரத்தில் நூறு விடயங்களை மனத்தில் வைத்துப் பதில் சொல்லும் சதாவதானம் செய்து ‘சதாவதானி’ என்ற பட்டத்தைப் பெற்றவர்கள். இப்போது பாடமாக்குதல் என்றாலே கிளிப்பிள்ளைப் படிப்பு என்று ஏளனம் செய்கிறார்கள். உங்கள் அறிவியல் இதற்கு என்ன சொல்கிறது?

வாசிகசாலை:

ஐயா, ஏளனத்துக்கு அறிவியலில் ஆதாரம் குறைவு. ஆனால் பாராட்டுக்கும் ஓர் எல்லை உண்டு.

அமெரிக்காவில் அன்டர்ஸ் எரிக்சன், வில்லியம் சேஸ் ஆகியோர் 1980 இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண நினைவாற்றல் உள்ள ஒரு மாணவர் ஏறத்தாழ 230 மணித்தியாலப் பயிற்சியின் பின், ஒருமுறை கேட்ட 79 இலக்கங்களை வரிசை மாறாமல் சொன்னார். தொடங்கும்போது அவரால் சொல்ல முடிந்தது ஏழு இலக்கங்கள். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்ற இலக்கங்களைக் கேட்டால் ‘3 நிமிடம் 49.2 செக்கன், ஒரு மைலுக்கு உலக சாதனையை அண்மித்த நேரம்’ என்று ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டார். இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது அவருடைய அளவு மறுபடி ஆறுக்கே இறங்கியது. அதாவது பொதுவான நினைவாற்றல் என்ற ஒன்று வளரவில்லை. தாம் அறிந்த துறைக்குள் முடிச்சுப் போடும் வழியே வளர்ந்தது. சதாவதானம் செய்தவருக்கு யாப்பும் எதுகையும் நிகண்டறிவும் அந்த வேலையைச் செய்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். யாரும் அளந்து பார்க்கவில்லை என்றால், அதுவே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

நீங்கள் சொன்ன ஒப்புவித்தலில் இன்னும் முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகிய இருவரும் 2006 இல் மாணவர்களைச் சிறு பத்திகளைப் படிக்க வைத்தார்கள். சில பத்திகளை மாணவர்கள் இரண்டுமுறை வாசித்தார்கள். சிலவற்றை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவை 81 வீதமும், நினைவிலிருந்து எழுதியவை 75 வீதமும் நினைவில் இருந்தன. ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழாகியது: முன்னையவை 42, பின்னையவை 56. புத்தகத்தை மூடிவிட்டு ஆசிரியர் முன் நின்ற உங்கள் தலைமுறை இந்த இரண்டாவது முறையைத்தான் நாள்தோறும் செய்தது. இன்று பிள்ளைகள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நிறப் பேனையால் கோடிழுத்து மறுபடி மறுபடி பார்க்கிறார்கள்; பரீட்சைக்கு முதல்நாள் இரவு அது நன்றாகத் தெரிந்ததுபோலவும் இருக்கும். எல்லை என்று நான் சொன்னது, விளங்காத ஒன்றை ஒப்புவிப்பது ஒப்புவிக்கும் திறனை மட்டுமே தரும் என்பதை.

கோண்டாவிலான்:

இவ்வளவையும் மருமகளுக்கு அனுப்பினேன். அவள் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: நகரும் சாளரத்தைத் தமிழில் வைத்தால், அதன் ஓரம் ‘கொ’வின் கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவில் விழலாமா? கூடவே, கண்ணைத் தொடரும் கருவி இல்லாமல் இங்கிருந்து எதையாவது தொடங்க முடியுமா என்றும் கேட்கிறாள்.

வாசிகசாலை:

முதல் கேள்வியைக் கேட்டவருக்கு ஆராய்ச்சியாளராகும் தகுதி இருக்கிறது. ஓரத்தை எழுத்துக்கு வெளியில் மட்டும் வைத்து ஒரு தடவையும், குறிகளுக்கு நடுவிலும் விழவிட்டு ஒரு தடவையும் செய்து, வாசிப்பு வேகம் வேறுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வேறுபட்டால், கண்ணுக்கு அலகு முழு உயிர்மெய்தான் என்று வாதிடலாம். வேறுபடாவிட்டால் ரீச்சருடைய பையன் செய்வதை வளர்ந்தவர்களும் ஓரளவு செய்கிறார்களோ என்று யோசிக்க வேண்டும்.

கருவி இல்லாமலும் தொடங்கலாம். சைக்கோபை என்ற இலவச மென்பொருளைச் சாதாரண மடிக்கணினியில் நிறுவி, விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகத் திரையில் வரச்செய்து, ஒவ்வொரு சொல்லிலும் வாசகர் செலவிட்ட நேரத்தை அளக்கலாம். அதற்கு முன் ஒரு தடை இருக்கிறது. எந்தச் சொல் எவ்வளவு புழக்கத்தில் உள்ளது என்ற பட்டியல் இல்லாமல் ஒழுங்கான வாக்கியச் சோடி எழுத முடியாது. தமிழில் ‘வீடு’ என்ற ஒரு சொல்லே வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயே என்று பெருகிக்கொண்டு போகும். அடிச்சொல்லை எண்ணுவதா, முழு வடிவத்தை எண்ணுவதா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் இதற்கு அருமையான மூலப்பொருள். ஆனால் அவற்றில் பல பக்கப் படங்களாக இருப்பதால், எழுத்தாக மாற்றிப் பிழை திருத்த வேண்டும். பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை உள்ள மாதங்களில் புள்ளிவிபரத்தையும் பைத்தன் நிரல்மொழியையும் பழகிக்கொள்வது எந்தப் புத்தகத்தையும்விடப் பயன் தரும். கலைப்பிரிவு மாணவர்கள் தயங்கும் இடம் இதுதான். தயங்கினால் இந்தத் துறைக்குள் நுழைய முடியாது.

நல்லூர்க் கணக்கன்:

வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். வருமானம் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

வாசிகசாலை:

உண்மையைச் சொல்வதானால், கலாநிதிப் பட்டம்வரை கைச்செலவுக்கு மேல் மிஞ்சாது. வட அமெரிக்காவில் பெரும்பாலான நல்ல பல்கலைக்கழகங்கள் இத்துறையில் கலாநிதி மாணவர்களுக்குக் கட்டணத்தை விலக்கி, உதவியாளர் வேதனமும் தருகின்றன. அதை வைத்து வாழலாம், வீட்டுக்கு அனுப்ப இயலாது. அதன்பின் நிரந்தர விரிவுரையாளர் பதவிகள் குறைவு, போட்டி அதிகம். பலர் பரீட்சை வடிவமைப்பு, பாடநூல் ஆராய்ச்சி, மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு ஆகியவற்றுக்குப் போகிறார்கள். அளவிடவும் தரவைப் படிக்கவும் கற்றவருக்கு அங்கே இடம் கிடைக்கிறது. வங்கி வேலையின் உறுதி இதில் இல்லை என்பதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தரம் இரண்டு ரீச்சர்:

கதையை வாசித்துக் காட்டிக் கேட்கும் சோதனையை அந்தப் பிள்ளையிடம் செய்து பார்த்தேன். நூல்நடையில் கேட்டபோது பாதிக்கு மேல் தவறவிட்டாள். நம் பேச்சில் சொன்ன கதையின் கேள்விகளுக்கு ஒன்று தவிர எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். ஒரு பிள்ளையை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று தெரியும். வகுப்பு முழுவதிலும் செய்வதானால் அதிபரின் அனுமதியும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும், ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். கடிதத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கோண்டாவில் அண்ணை, மருமகளுக்கு நேரமிருந்தால் இரண்டு கதைகளும் நீளத்திலும் சொல்லின் கடினத்திலும் ஒத்திருக்கும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். கிணற்றடி வேண்டாம், அதைப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.